கருவாட்டு வாடை

அன்புள்ள ஐயா,

போன மாதம் ராமேஸ்வரம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கினோம். கடல் அற்புதம். ஆனால் ஊர் முழுக்கக் கருவாட்டு நாற்றம், பிள்ளைகள் சரியாகச் சாப்பிடவே இல்லை. அடுத்த முறை கூட்டமில்லாத, அமைதியான, மீனவ கிராமம் உள்ள ஒரு தீவுக்குப் போக ஆசை. லட்சத்தீவில் மினிக்காய் எப்படி? எந்த மாதம் நல்லது? அனுமதி எப்படி வாங்குவது? மது கிடைக்குமா?

ச.

அன்புள்ள ச.,

மது கிடைக்காது. டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போகாமல் கடலுக்குக் கூட்டிப்போகிற தகப்பன் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் நாற்றம் என்று எழுதிவிட்டீர்களே! நேற்றுத்தான் பரண் ஒழிக்கும்போது ஆச்சியின் மாசி டப்பா அகப்பட்டது. ஆச்சி போய் இருபது வருஷம். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

மாசி தெரியுமா? தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். இலங்கைத் தமிழரிடம் கேட்டால் சம்பலே இடித்துத் தருவார்கள். சூரை மீனின் சதை, பார்த்தால் விறகுச் சிராய் மாதிரி இருக்கும். ஆச்சி அம்மியில் வைத்துக் குழவியால் தட்டுவாள். ஏதோ கடலில் முளைக்கிற மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தான், அகப்பைக் காம்பால் வாங்கியிருக்கிறேன்.

அந்த மரத்தை மினிக்காயில் பார்த்தேன். பவளத்திட்டுக்கு உள்ளே கிடக்கும் ஆழமில்லாத கடலில் முதலில் விரலளவு பொடிமீனைப் பிடிக்கிறார்கள். அது சாகக்கூடாது. படகின் அடியில் கடல்நீர் வந்துபோகிற தொட்டியில் உயிரோடு போட்டுக்கொண்டு வெளிக்கடலுக்குப் போகிறார்கள். பறவை வட்டமிடுகிற இடத்தில் பொடிமீனை வீசி, தண்ணீரையும் வாரி அடித்தால் சூரை வெறிபிடித்து மேலே வரும். ஆளுக்கொரு கழி. கொக்கியில் எதிர்முள் கிடையாது. சுண்டினால் மீன் தலைக்கு மேலே பறந்து வந்து படகில் விழுந்து தானே கழன்றுகொள்ளும், கழி மறுபடி தண்ணீரில். வலைவிரித்துப் பிடிக்காததால் ஆமை மாட்டுவதில்லை. கரையில் அந்தச் சூரையைப் பிளந்து, வேகவைத்து, புகைபோட்டு, நாள்கணக்கில் வெயிலில் உலர்த்துகிறார்கள். நெல் விளையாத பவள மணல் அது. ஐஸ் இல்லாத காலத்தில் அந்தத் தீவு வெளியூருக்கு அனுப்ப முடிந்த மீன் இந்தக் கட்டைதான்.

உங்களுக்கு மீனவ கிராமம் வேண்டும், மீன் வேண்டாம். ஓலைக்கூரை படத்துக்கு வேண்டும், அதன் கீழே புகை வரக்கூடாது. நம் கரையிலேயே ஒரு விடுதிக்காரர், கருவாடு காயப்போடும் பெண்களைப் பத்து மணிக்குள் பாயைச் சுருட்டச் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். பத்து மணிக்கு மேல்தானே ஐயா வெயிலே! அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்று உங்கள் தலையில் விடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைதி என்கிறீர்கள். பகலில் ஊர் அமைதியாக இருந்தால் படகுகள் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். மினிக்காய் ஆண்களில் பலர் கப்பல் வேலைக்குப் போனவர்கள், வீட்டுக்கு வரவே மாதங்கள் ஆகும்.

ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பவளத்தின் மேல் கால் வைக்கக்கூடாது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிச் சூடேறி அது ஏற்கெனவே வெளுத்து நொந்துபோயிருக்கிறது. பவளம் செத்தால் பொடிமீனுக்கு ஒதுங்க இடமில்லை. பொடிமீன் இல்லாமல் அந்தக் கழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அனுமதியை மறந்தே போனேன். லட்சத்தீவு நிர்வாகத்திடம் முன்கூட்டியே வாங்க வேண்டும், இந்தியர்களுக்கும் அது கட்டாயம். விமானம் அகத்தித் தீவோடு சரி. மினிக்காய்க்குக் கொச்சியிலிருந்து கப்பல் ஏறுங்கள். வரும்போது எனக்குக் கால் கிலோ மாசி. பெட்டியில் துணியோடு சேர்த்தே வையுங்கள்.