வெள்ளைப் பல் வியாபாரம்: கேள்வி-பதில்

பல் மஞ்சளாவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாகக் கரி டூத்பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன். முதல் வாரம் பளிச்சென்று இருந்தது. இப்போது முன்பைவிட மஞ்சள், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. எனக்கு வந்தது போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை, அசலும் இதைத்தான் செய்யும். பல்லின் மேலுறையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். கரித்தூள் முதலில் காபி, தேநீர், புகையிலைக் கறையைச் சுரண்டி எடுத்தது. நீங்கள் பார்த்த பளிச் அதுதான். கறை போன பிறகும் அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும். ஈறு இறங்கிய இடத்தில் வேர்ப்பகுதி தேயும், அது எனாமலைவிட மென்மை. மேலுறை மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும், கூச்சமும் வரும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

கரியை இன்றே நிறுத்துங்கள். மென்மையான பிரஷ், 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் போதும். நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடுங்கள், ஃப்ளோரைடு பல்லில் தங்கட்டும். கூச்சத்துக்கு 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் சொத்தையோ விரிசலோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பு குழைத்துப் பூசலாமா?

கூடாது. பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சையின் பிஎச் 2-ஐ ஒட்டியது, எனாமல் 5.5-க்குக் கீழேயே கரையத் தொடங்கிவிடும்.

கேள்வி: நீல விளக்கோடு வரும் ப்ளீச்சிங் கிட் ஆன்லைனில் வாங்கினேன். "ஒரே அமர்வில் மூன்று ஷேடு வெள்ளை, நிரந்தரம்" என்று விளம்பரம். ஒரு மணி நேரத்தில் நிஜமாகவே வெளுத்தது. மூன்றாம் நாள் பழைய நிறம் வந்துவிட்டது. கேட்டால் "இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கிப் போடுங்கள்" என்கிறார்கள்.

உங்கள் மேல் தவறே இல்லை. அப்படி ஏமாறும்படிதான் இந்தப் பொருளை விற்கிறார்கள். வாயைத் திறந்தபடி அவ்வளவு நேரம் இருந்தால் பல் உலர்ந்துபோகும். உலர்ந்த எனாமல் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். எச்சில் ஊறி ஈரம் திரும்பியதும் அந்த வெள்ளையில் பெரும்பகுதி போய்விடும். விளம்பரத்தில் "முன்", "பின்" என்று காட்டுவதில் "பின்" படம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தைக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள்.

வெளுக்க வைப்பது விளக்கு அல்ல, ஜெல்லில் உள்ள பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளை உடைக்கிறது. விளக்கு போட்டதால் நிலையான கூடுதல் பலன் கிடைப்பதாக உறுதியான சான்று இல்லை. அப்படி ஒரு விளக்கு என் மேசை டிராயரிலும் கிடக்கிறது, மின்சாரம் போனால் பயன்படுகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது லேபிளைப் பார்த்தால்தான். 'கார்பமைடு பெராக்சைடு 35' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 12 சதவீதம்தான். அதே அலமாரியில் 'ஹைட்ரஜன் பெராக்சைடு 12' என்று எழுதிய டப்பா அதே வீரியம் உள்ளது, ஆனால் வாங்குபவருக்கு மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். இன்னும் சிலர் எந்த பெராக்சைடு என்றே எழுதாமல் வெறும் எண்ணைப் போடுகிறார்கள், அல்லது எண்ணும் இல்லாமல் "மருத்துவத் தரம்" என்கிறார்கள். பேஸ்ட்காரர்களிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பேஸ்ட் எவ்வளவு உரசும் என்பதற்கு ஆர்டிஏ என்று ஓர் அளவு இருக்கிறது, சர்வதேச தரத்தில் அதன் உச்சவரம்பு 250. 'வைட்டனிங்' என்று பளபளப்பாக அச்சடிக்க இடம் இருக்கிறது, அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பெரும்பாலான டப்பாக்களில் இடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதை நேரடியாக நுகர்வோருக்கு விற்கக் கூடாது. 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாக மட்டுமே, அதுவும் 18 வயதுக்குக் கீழ் கிடையாது. இப்படி விதி போட வேண்டிய பொருளைத்தான் பரிசுப் பெட்டி மாதிரி விற்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டி, மீதி ஜெல், "நிரந்தரம்" என்று சொல்லும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்களோடு நடந்த உரையாடல், தேதி தெரியும் உங்கள் படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். பதில் இல்லையென்றால் விற்ற தளத்திடமும், பணம் செலுத்திய வங்கியிடமும், நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடமும் அதே கோப்போடு போங்கள். இன்னும் இரண்டு பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

உண்மையிலேயே வெளுக்க வேண்டுமென்றால் பழைய வழிதான்: மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரே, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிறு துளி, சுமார் இரண்டு வாரம். அதுவும் நிரந்தரம் இல்லை.

கேள்வி: யாரோ குழுவில் போட்டிருந்ததைப் பார்த்து லேபிள் இல்லாத ஜெல் வாங்கினேன். சீக்கிரம் ஆகட்டும் என்று இரவு முழுக்க வைத்தேன். ஈறு வெள்ளையாகி எரிகிறது.

லேபிள் இல்லாததை வாங்கி, சொன்னதைவிடக் கூடுதல் நேரம் வைத்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். ஈறு வெளுத்தது பெராக்சைடு சுட்டதால். நிறையத் தண்ணீரில் கொப்பளியுங்கள், காரமும் சூடும் புளிப்பும் வேண்டாம். லேசாக இருந்தால் சில நாளில் சரியாகும். புண்ணானாலோ வலி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள், மீதி ஜெல்லையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: முன்பல்லில் கேப் போட்டேன். பிறகு அதே க்ளினிக்கில் ப்ளீச்சிங் செய்தார்கள். மற்ற பற்கள் வெளுத்தன, கேப் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. "இப்படித்தான் ஆகும்" என்கிறார்கள்.

இப்படித்தான் ஆகும் என்பது உண்மை, அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். கேப், பல் நிறத்தில் அடைத்த சிமென்ட், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) எதையும் பெராக்சைடு வெளுக்காது. முதலில் ப்ளீச்சிங், பிறகு நிறம் நிலைக்க இரண்டு வாரம் காத்திருப்பு, அதற்கு அப்புறம்தான் ஷேடு பார்த்து கேப். இந்த வரிசையைச் சொல்லாமல் இரண்டுக்கும் பணம் வாங்கியவர்களிடம் கேப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கி, அதில் உள்ள தேதிகளை வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: ட்யூப் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு என்றால் ரசாயனம் என்கிறார்களே?

கதை. ட்யூபை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் சென்சாருக்குக் காட்டும் அடையாளம் அது.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு முளைத்த முன்பற்கள் பால் பற்களுக்குப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிகின்றன. குழந்தைகளுக்கான வைட்டனிங் பேஸ்ட் எது நல்லது?

எதுவும் வாங்காதீர்கள். பால் பல் இயல்பிலேயே வெளுப்பு. நிரந்தரப் பல்லில் டென்டின் தடிமன் அதிகம், அதனால் மஞ்சள். எல்லாப் பற்களும் மாறிய பிறகு வித்தியாசம் கண்ணில் படாது. சுண்ணாம்புக் கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ இருந்தால் மட்டும் காட்டுங்கள். குடிநீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் அப்படி வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஃப்ளோரைடால் வரும் திட்டு, பல் உருவாகும்போதே உள்ளே பதிந்த கறை, எந்த பேஸ்ட்டும் எடுக்காது.

கேள்வி: பல் பிடுங்கியபின் கொடுத்த மவுத்வாஷை மூன்று மாதமாக விடாமல் பயன்படுத்துகிறேன். பற்கள் பழுப்பாகிவிட்டன.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியாக இருக்கும், சீட்டைப் பாருங்கள். நாள்பட்டால் அது பல்லில் கறை படிய வைக்கும். வழக்கமாக அதை ஓரிரு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். நிறுத்திவிட்டு ஒருமுறை க்ளீனிங் செய்யுங்கள், கறை மேலோடுதான் இருக்கும்.

கேள்வி: க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பல்லை ஆட்டுவது காரை, அதாவது பல்லில் படிந்து கெட்டியான அழுக்கு. ஈறுக்கு அடியில் ஏறி எலும்பைக் கரைக்க வைத்துவிட்டு, கெட்டியாக ஒட்டியிருப்பதால் பல் உறுதியாக இருப்பதுபோல் காட்டும். அதை எடுத்ததும் இடைவெளி நாக்கில் தட்டும், சில நாள் கூசும். அதைத்தான் "ஆடுகிறது" என்கிறார்கள். மஞ்சளுக்காக ஒரே ஒரு செலவு செய்வதென்றால் முதலில் இதைச் செய்யுங்கள், பலருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

கேள்வி: போன வருடம் வாங்கிய ஜெல் பாதி மிச்சம், காலாவதியாகிவிட்டது. வீணாக்க மனசில்லை.

வீணாக்குங்கள். பெராக்சைடு தானாகவே தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துகொண்டிருக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. உங்களிடம் இருப்பதில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.