இன்டர்நேஷனல் லாவுக்கு லண்டன் போகத்தான் வேண்டுமா?

ஐயா, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு என்னிடம் வந்தீர்கள். அவள் வாய் திறக்கும் முன்பே, "லண்டன்ல லா படிக்க எவ்வளவு லோன் தருவாங்க?" என்று கேட்டுவிட்டீர்கள். அன்று கூட்டம், நிதானமாகப் பேச முடியவில்லை.

லோனை இப்போது தொடாதீர்கள். ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பை இங்கேயே படிக்கட்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதட்டும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தால், இங்கே கோர்ட்டில் நிற்க பார் கவுன்சில் அங்கீகாரம், தகுதித் தேர்வு என்று இன்னொரு சுற்று அலைச்சல்.

பாப்பா மனசில் இருப்பது ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம். அங்கே வழக்காடுவது நாடுகள். நம்மூர் வக்கீலிடம் வருவது வேறு. ஒருவர் பணம் தரவேண்டும் என்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிறது, அவர் வீடு நெல்லிக்குப்பத்தில் என்று வையுங்கள். சிபிசி, அதாவது சிவில் நடைமுறைச் சட்டம், 44ஏ பிரிவின்படி, அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கடலூர் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அங்கேயே சொன்ன தீர்ப்பு போல நிறைவேற்றக் கேட்கலாம். இந்த வழி இந்திய அரசு பட்டியலிட்ட நாடுகளுக்கு மட்டும். 2020 முதல் துபாய்க்கும் உண்டு.

அதே தீர்ப்பு பாரிஸில் வந்திருந்தால்? பிரான்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போடவேண்டும், அதுவும் 3 ஆண்டுக்குள். "எனக்குச் சம்மனே வரலை" என்று எதிராளி, வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்", அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போவோம் என்று ஒரு வரி இருந்திருந்தால், நடுவர் தீர்ப்பை வேறு நாட்டிலும் நிறைவேற்ற வழி செய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கை கைகொடுத்திருக்கும். அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்த வக்கீலுக்குத்தான் கம்பெனிகள் ஃபீஸ் கொடுக்கின்றன.

புதுச்சேரி பக்கம் இருப்பதே உங்களுக்கு லாபம். 1962இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. கல்யாணம், விவாகரத்து, சொத்து என்று அவர்களுடைய பாதிக் காகிதம் பிரெஞ்சில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல்கள் குறைவு. லண்டன் செலவில் ஒரு துளியை அலியான்ஸ் பிரான்சேஸின் பிரெஞ்சு வகுப்புக்குக் கட்டுங்கள்.

லீவில் ஒரு நாள் கடலூர் கோர்ட்டில், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுக்கள் நடக்கும் இடத்தில் அவளை உட்காரச் சொல்லுங்கள். கொட்டாவி விட்டாளா, குறிப்பு எடுத்தாளா என்று பாருங்கள். பிறகு கூட்டி வாருங்கள். அன்றைக்கு அவள் பேசட்டும், நீங்கள் டீ சாப்பிடுங்கள்.