சுவர்த் திரையில் சிவப்பு எப்போது எரிய வேண்டும்?

கேள்வி (வாசகர், கோவை): எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. ஜென்கின்ஸில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் மென்பொருள்) ஓடும் எங்கள் பில்ட்களின், அதாவது அந்த ஓட்டங்களின் நிலை அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைக் காட்டும் நிரலை நானே எழுதினேன். சென்ற மாதம் எல்லாவற்றையும் மூல நிரலின் ஒவ்வொரு கிளையையும் (தனியாக மாற்றிப் பார்க்கும் பிரதி) தனித்தனியே ஓட்டும் மல்டிபிராஞ்ச் பைப்லைனுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. ஒரு புராஜெக்டுக்கு ஒரே கட்டம், எந்தக் கிளை உடைந்தாலும் சிவப்பு என்று மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் சாம்பல் நிறத்துக்கு வழி பார்ப்போம்.

பழைய ஜாப் (ஜென்கின்ஸ் ஓட்டும் ஒரு வேலை) ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு நிறம் இருந்தது. மல்டிபிராஞ்ச் புராஜெக்ட் ஜாப் அல்ல, கோப்புறை. மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தை அலசி, ஜென்கின்ஸ்ஃபைல் (பில்டின் படிகளைச் சொல்லும் கோப்பு) உள்ள ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஜாபைத் தனக்குள் அது உருவாக்கிக்கொள்கிறது. நிறம் அந்த உள் ஜாப்களுக்குத்தான் உண்டு. உங்கள் நிரல் கோப்புறையின் வாசலில் நின்று நிறம் கேட்கிறது. அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே ஒரு படி உள்ளே போய்க் கேட்க வேண்டும். ஜென்கின்ஸ் ஏபிஐயில் (வேறு நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) 'ட்ரீ' என்ற அளவுரு உண்டு. ஜாப்களின் பெயர், நிறம், முகவரி; ஜாப்களுக்குள் இருக்கும் ஜாப்களுக்கும் அதே மூன்று என்று அதில் அடுக்கிக் கேட்டால் ஒரே அழைப்பில் எல்லாம் வந்துவிடும். எத்தனை அடுக்கு உள்ளே போவது என்ற 'டெப்த்' எண்ணைக் கூட்டிக் கேட்பது எளிதாகத் தோன்றும். ஆனால் வேண்டாத விவரங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். பத்து விநாடிக்கு ஒருமுறை அப்படிக் கேட்டால் சர்வர் தாங்காது.

அடுத்து, பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். கிளையின் பெயர் 'ஃபீச்சர்/லாகின்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு ஜாப் பெயரில் வரக்கூடாது என்பதால் ஜென்கின்ஸ் அதை %2எஃப் என்று மாற்றி வைக்கிறது. முகவரியில் எழுதும்போது அந்தச் சதவீதக் குறியையும் குறியாக்கம் செய்ய வேண்டும், அது %25 ஆகிவிடும். ஆக முகவரியில் நிற்பது %252எஃப். கிளைப் பெயரை வைத்து நீங்களே முகவரியைக் கட்டினால், முதன்மையான 'மெயின்' கிளைக்குச் சரியாக வரும், சாய்கோடு உள்ள கிளைக்கு மட்டும் 404 (பக்கம் இல்லை) வரும். ஒரு முழு நாளை இதில் தொலைத்திருக்கிறேன். முகவரியை நீங்கள் கட்டவே வேண்டாம். ஏபிஐ ஒவ்வொரு ஜாபுக்கும் தரும் முகவரியை அப்படியே பயன்படுத்துங்கள். திரையில் காட்டும் பெயரை மட்டும் பழைய வடிவத்துக்குத் திருப்பினால் போதும்.

இப்போது உங்கள் யோசனைக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதையே செய்தோம். யாரோ தொடங்கிக் கைவிட்ட ஒரு கிளை மூன்று வாரம் உடைந்தே கிடந்தது, கட்டமும் மூன்று வாரம் சிவப்பாகவே இருந்தது. அதற்குள் எங்கள் கண் அந்தச் சிவப்புக்குப் பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயின் கிளையே உடைந்தது. திரையில் எந்த மாற்றமும் இல்லை. திங்கட்கிழமை வெளியீட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடைந்த நிரலின் மேலேயே நான்கு பேர் வேலை செய்திருந்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தன் கிளையில் ஒருவர் சோதித்துப் பார்ப்பதும் உடைப்பதும் இயல்பு. கிளை இருப்பதே அதற்காகத்தான். அதை ஊருக்கே அறிவிப்பது அவருக்கும் நியாயமில்லை. மெயின் கிளைக்கும் ரிலீஸ் கிளைகளுக்கும் நிலையான பெரிய கட்டம் கொடுங்கள். மற்றவற்றில் கடந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஓடி உடைந்தவற்றை மட்டும் அடியில் ஒரு பட்டையில், கிளைப் பெயரோடு, சிறிய எழுத்தில் காட்டுங்கள். புல் ரிக்வெஸ்டின் (கிளையின் மாற்றங்களை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) முடிவு அந்தப் பக்கத்திலேயே அதை எழுதியவருக்குத் தெரிந்துவிடும், சுவருக்கு அது தேவையில்லை.

சொந்த நிரல் வேண்டாம் என்றால் 'பில்ட் மானிட்டர் வியூ' என்ற செருகுநிரல் இருக்கிறது. அதன் அமைப்பில் உட்கோப்புறைகளுக்குள்ளும் போகும்படி டிக் செய்து, மெயின் என்று முடியும் பெயர்களை மட்டும் ரெஜெக்ஸ் என்ற தேடல் வடிவத்தால் வடிகட்டுங்கள். அங்கேயும் %2எஃப் காத்திருக்கிறது: 'ரிலீஸ்/2.1' கிளையைச் சாய்கோட்டோடு தேடினால் சிக்காது.

கேள்வி (வாசகி, ஓசூர்): கிட்டில் (Git, நிரலின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) கிளையை அழித்த பிறகும் டாஷ்போர்டில் அது நிற்கிறதே?

பதில்: ஜென்கின்ஸ் களஞ்சியத்தை மறுபடி அலசும்வரை கிளை போன செய்தி அதற்குத் தெரியாது. களஞ்சியத்தில் மாற்றம் நடந்ததும் செய்தி அனுப்பும் வெப்ஹூக் வைத்திருந்தால் உடனே தெரியும். தெரிந்த பிறகும் நிற்கிறது என்றால், புராஜெக்ட் அமைப்பில் கிளை போய்விட்ட அனாதை ஜாப்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற பகுதியைப் பாருங்கள், யாராவது நாட்களைக் கூட்டியிருக்கலாம். ஜென்கின்ஸ் பக்கத்தில் அத்தகைய கிளையின் பெயர் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி (வாசகர், திருச்சி): வெற்றி பெற்ற பில்டுக்கு ஏபிஐ 'ப்ளூ' என்கிறது. பச்சை அல்லவா?

பதில்: ஜென்கின்ஸை உருவாக்கிய கொஹ்சுகே கவாகுச்சி ஜப்பானியர். அங்கே போக்குவரத்து விளக்கின் பச்சையை நீலம் என்றுதான் சொல்வார்கள். இந்த மென்பொருள் ஹட்சன் என்ற பெயரில் இருந்தபோதே தொடங்கிய அந்த வழக்கம், 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் தொடர்ந்தது. புதிய பதிப்புகள் திரையில் பச்சையைக் காட்டினாலும் ஏபிஐயில் சொல் மாறவில்லை. பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது முந்தைய நிறத்தின் பின்னால் '_அனிமே' ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டையும் உங்கள் நிரல் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள், இல்லாவிட்டால் பில்ட் ஓடும் நேரமெல்லாம் கட்டம் சாம்பலாகிவிடும்.