வாசகர் கேள்வி பதில்: பனிமலையில் எந்தச் சரிவில் கால் வைக்கலாம்?

கேள்வி: மூன்று நாளாகப் புதுப்பனி இல்லை, நல்ல வெயில். முன்னே போனவர்களின் தடமும் சரிவில் தெரிகிறது. நாங்களும் போகலாம்தானே?

பதில்: தடத்தை நம்பி இறங்காதீர்கள். மேலே இறுகிய பாளம், அடியில் ஒட்டாத அடுக்கு: உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாகின்றன. கடுங்குளிர் நீடித்தால் அடிப்பனி சீனி மாதிரி உதிரும் பரல்களாகி, வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பத்துப் பேரைத் தாங்கிய பாளம், அது மெலிந்திருக்கும் இடத்தில் பதினோராவது ஆள் மிதித்ததும் உடையலாம்.

பனி பெய்யாவிட்டாலும் காற்று அடித்ததா என்று பாருங்கள். முகட்டின் ஒருபக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டி, சில மணி நேரத்தில் புதுப் பாளத்தை அது உருவாக்கிவிடும். காலடியில் ‘தொம்’மென்று அமுங்கும் சத்தமோ, பாதத்திலிருந்து ஓடும் விரிசலோ, புதிதாக விழுந்த பனிச்சரிவோ தென்பட்டால் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அந்த 30 பாகையை எப்படி அளப்பது?

பதில்: கண்ணளவு ஏமாற்றும். ஊன்றுகோலைச் சரிவின் போக்கில் பனிமேல் கிடத்தி, அதன்மேல் சாய்வுமானியையோ சாய்வு அளக்கும் செயலியுள்ள செல்போனையோ வையுங்கள். பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் உடைகின்றன. 38-ஐ ஒட்டி மிக அதிகம். கிளம்புமுன் வரைபடத்திலும் பார்க்கலாம். 1:25,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாக வரும் சமவுயரக் கோடுகள் 1.4 மி.மீ. தள்ளியிருந்தால் 30 பாகை. அதைவிட நெருங்கினால் செங்குத்து கூடுகிறது.

நிற்கும் இடம் 20 பாகைதான் என்று நிம்மதி அடையாதீர்கள். கீழே அடுக்கு அமுங்கினால் விரிசல் மேலே ஓடி, தலைக்கு மேலுள்ள பாளத்தை உங்கள்மீதே இறக்கிவிடும்.

கேள்வி: குழுவில் எல்லாரிடமும் ட்ரான்சீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) இருக்கிறது. போதாதா?

பதில்: போதாது. அது இடத்தைக் காட்டும், தோண்டாது. 240 செ.மீ.க்குக் குறையாத ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) இரண்டும் ஆளுக்கொன்று வேண்டும். புதைந்து 10 நிமிடம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

முதலில், புதையாமல் வெளியே இருப்பவர்கள் அனைவரும் ட்ரான்சீவரை, அனுப்பும் நிலையிலிருந்து தேடும் நிலைக்கு மாற்றவேண்டும்; ஒருவர் மறந்தாலும் அவருடைய சமிக்ஞை எல்லாரையும் திசைதிருப்பும். தேடும் கருவியிலிருந்து செல்போன் 50 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். கடைசி 3 மீட்டரில் அவசரம் கூடாது. கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் குறுக்கும் நெடுக்குமாக மெல்ல நகர்த்தி, அது காட்டும் தூர எண் மிகக் குறையும் புள்ளியைப் பிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாக ப்ரோப்பால் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டால் ப்ரோப்பைப் பிடுங்காதீர்கள்.

நேர் மேலிருந்து தோண்டுவதுதான் பெரிய தவறு. முகத்தருகே மிச்சமிருக்கும் காற்றிடம் அமுங்கிவிடும், ஆழம் கூடக்கூடப் பனியை வெளியே வீசவும் முடியாது. ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, ப்ரோப்பை நோக்கிக் கிடைமட்டமாக வெட்டுங்கள். முகம் தெரிந்ததும் வாய், மூக்கை அடைத்த பனியை எடுத்துவிட்டு, நெஞ்சின் மேலுள்ள பாரத்தை அகற்றுங்கள்.