சர்க்கரை நோய் யார் பணத்தைத் தின்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டாக்டர், சர்க்கரை வந்தால் அது அவரவர் பாடு. இதில் நாட்டுப் பொருளாதாரம் எங்கே வந்தது?

பதில்: 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் இருக்கிறார்கள். அதோடு, ஐரோப்பியர்களைவிட நமக்குச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டிருக்கும் வயது அது. லாரி ஓட்டுபவருக்கு விழித்திரை பாதித்தால் அந்தத் தொழிலே போய்விடும்.

அமெரிக்காவில் 2022-ல் இந்த நோயால் ஆன செலவு 41,290 கோடி டாலர். அதில் 10,630 கோடி டாலர் மருத்துவச் செலவே அல்ல. வேலைக்குப் போக முடியாமலும், போயும் முழுதாக உழைக்க முடியாமலும், அகால மரணத்தாலும் ஏற்பட்ட இழப்பு. அங்கே இதையெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். புண் ஆறாமல் வீட்டில் கிடக்கும் நம் சித்தாளின் கூலி இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கேள்வி: மாத்திரை நாலைந்து ரூபாய்தானே? அது பெரிய சுமையா?

பதில்: மெட்ஃபார்மின் மலிவுதான். பணம் கரைவது பின்னால் வரும் மாரடைப்பிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். சிகிச்சை இலவசமாகவே கிடைக்கட்டும். பஸ் செலவு, சாப்பாடு, கூட வரும் மனைவியின் அன்றைய கூலி? ஒருவர் நோயாளி ஆனால் இரண்டு பேர் வருமானம் நிற்கிறது.

கேள்வி: ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மாத்திரைக்குச் செல்லாது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஆயுஷ்மான் பாரத் திட்டம் முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் உங்கள் செலவு. முற்றிப்போன நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பணம் உண்டு, முற்றாமல் தடுக்க இல்லை. இது தலைகீழான ஏற்பாடு, மாற்றியே ஆக வேண்டும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது என்கிறது 2021-22 கணக்கு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதனால்தான் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குளிர்பானத்துக்கு வரி போட்டால் பயன் உண்டா?

பதில்: உண்டு. மெக்சிகோவில் 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ போட்டார்கள், விற்பனை குறைந்தது. பிரிட்டன் 2018-ல் சர்க்கரை அளவுக்கேற்ப வரி வைத்தது, கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இங்கே வரி கடுமைதான், 40 சதவீதம். ஆனால் சர்க்கரை உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே வரி என்றால் கம்பெனி எதற்குக் குறைக்கும்?

கேள்வி: புது மாத்திரைகள் விலை குறையுமா?

பதில்: சில ஏற்கெனவே குறைந்துவிட்டன. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்க, விலை சரிந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தரும் மருந்து, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. அடுத்த முறை போகும்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.