விரல் போன வழக்கில் மனநல ஃபைல் எதற்கு?

கேள்வி: என் கணவர் அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பட்டறையில், ஆபரேட்டர். ஐந்து மாதம் முன்பு பவர் பிரஸ்ஸில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிப் போடுகிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை தருகிறார்கள். இப்போது கம்பெனி ஹெச்.ஆர்., அந்த ஃபைல் முழுவதும் வேண்டும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இழப்பீடு நகரும் என்கிறார். எட்டு வருடம் முன்பு குடியை நிறுத்த எடுத்த சிகிச்சையும் அதே ஃபைலில் இருக்கிறது. கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்தும் போட வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கையில் இரண்டு விரல் இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. அந்தச் சதவீதம், வயது, சம்பளம் இவற்றை வைத்துத்தான் தொகை கணக்காகிறது. அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் சான்று, விபத்து நடந்ததற்கான ஆதாரம், சம்பளச் சீட்டு போதும். உங்கள் கணவர் எட்டு வருடம் முன்பு குடித்தாரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? நான் நடத்திய ஒரு வழக்கில் தொழிலாளி யோசிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் பழைய ஓ.பி. சீட்டிலிருந்து ஒரு வரியை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார்: ‘மனைவியுடன் சண்டை, குடி’. விபத்துக்குப் பல வருடம் முந்தைய வரி அது. கவனக்குறைவு இவருடையதுதான் என்று காட்ட அதை எடுத்தார்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவர்களின் கடமை என்கிறது அது. விதிவிலக்குகள் சில உண்டு: நோயாளி நியமித்த பிரதிநிதி, சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்கள், இன்னொருவருக்கு ஆபத்து வராமல் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, நீதிமன்றம் அல்லது அதிகாரம் பெற்ற சட்டபூர்வ அமைப்பின் உத்தரவு. முதலாளி இந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் கையெழுத்துக்காக வற்புறுத்துகிறார்கள். ஒப்புதல் இல்லாமல் மருத்துவமனை கம்பெனியிடம் ஃபைலை நீட்ட முடியாது.

இங்கே உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவி என்பதாலேயே அந்த ஃபைல் உங்களுடையது ஆகிவிடாது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து அவரிடம் பேசுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சரி, தூக்கம் கெட்டதற்கும் இந்தப் பயத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கப் போகிறீர்களா? கேட்கலாம், அது நியாயமும்கூட. ஆனால் அப்போது கொஞ்சம் காட்டித்தான் ஆக வேண்டும். அங்கேயும் ஃபைலைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். மனநல டாக்டரிடம் ஒரு பக்கச் சான்று கேளுங்கள்: விபத்துக்குப் பின் என்ன பாதிப்பு, எப்போதிலிருந்து சிகிச்சை, வேலைத்திறனை அது எவ்வளவு பாதிக்கிறது. அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘முந்தைய நோய் வரலாறு’ என்று ஒரு பகுதி இருக்கும். பழைய கதை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அந்தத் தாளைச் சான்றோடு சேர்த்துப் பின் அடிக்காதீர்கள். முழு ஃபைலும் வேண்டும் என்று இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரி கேட்டால், விபத்துத் தேதிக்குப் பிந்தைய பக்கங்களை மட்டும் மூடிய உறையில் தர அனுமதி கேட்டு வக்கீல் மூலம் மனு போடுங்கள்.

பலர் கவனிக்காத இடம் மருந்து பில். கம்பெனியில் செலவைத் திரும்பப் பெறுவதற்காகக் கை சிகிச்சை பில்லோடு மனநல மாத்திரை பில்லையும் கிளிப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரையின் பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இரண்டையும் தனித்தனிக் கவரில் வையுங்கள். சூப்பர்வைசர் கேட்டார் என்று மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். அரை மணி நேரத்தில் ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

கம்பெனி தன் செலவில் ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்கு அழைத்தால் போய்விடுங்கள். மறுத்தால் இழப்பீடு நிறுத்தப்படலாம். கையைக் காட்டட்டும். பழைய சிகிச்சை பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். ‘அது இந்த விபத்து சம்பந்தப்பட்டது இல்லை, என் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் போதும்.

கம்பெனி தரப்பில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: இவரைத் திரும்ப மெஷினில் நிறுத்தலாமா? அதற்குத் தகுதிச் சான்று கொடுங்கள். ‘இப்போதைக்குப் பிரஸ் மெஷின் வேண்டாம், வேறு வேலை செய்யலாம்’ என்று டாக்டர் எழுதினால் போதும், நோயின் பெயர் அதில் வர வேண்டியதில்லை.

படிவத்துக்கு வருவோம். ‘அனைத்து மருத்துவ ஆவணங்களையும் பெற ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘இன்ன தேதியில் நடந்த விபத்தில் ஏற்பட்ட கைக் காயம் தொடர்பான ஆவணங்கள் மட்டும்’ என்று அவர் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும். வலது கையால் எழுத முடியவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள், கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த இழுபறியில் நாட்களை ஓட்டிவிடாதீர்கள். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அப்புறம், கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து அவர் மாத்திரையையோ டாக்டரைப் பார்ப்பதையோ நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.