நல்லூர் மொட்டை மாடிக்கு எந்த பில்டர்?

தம்பி, நல்லூர் மொட்டை மாடியில் இருந்து இரவு வானத்தைப் படம் எடுக்கையில், கனன் 600டி கமராவில் 30 செக்கனிலேயே ஊர் வெளிச்சத்தால் வானம் வெளுத்துப் போகுது, அதைக் குறைக்க எந்த பில்டர் நல்லம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் ஒழுங்கை விளக்கைப் பாருங்கள். மஞ்சள் சோடியம் என்றால் அந்த மஞ்சள் ஒளியை, அதாவது 589 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டி, வெட்டும் பில்டர் நன்றாகவே உதவும். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவும், அதனால் அதைத் தனியே வெட்டுவது கஷ்டம். ஒரையன் நெபுலா போன்ற ஒளிரும் வாயு முகில்களுக்கு, அவை வெளிவிடும் 656, 501 நானோமீற்றர் ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வகைதான் சரி. ஆனால் மாற்றம் செய்யாத கமரா அந்த 656 சிவப்பில் பெரும்பகுதியைத் தானே தடுத்துவிடும். அன்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு இரட்டைப் பட்டை வேண்டாம், நட்சத்திர ஒளியையும் சேர்த்து விழுங்கிவிடும். கமராவுக்குள் பூட்டும் கிளிப் வகையை நான் வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, கனனின் இஎஃப்-எஸ் வகை லென்ஸ் அதோடு பொருந்தாது! இப்போதைக்குக் காசை வைத்திருங்கள். அமாவாசையண்டு வடமராட்சிப் பக்கம் வெளிச்சம் குறைந்த மணற்காட்டுக்கு ஒருக்கால் போய் எடுத்துப் பாருங்கள்.